குட்டிப் போர்வைக்கு ஆளுக்கு ஒரு சதுரம் பின்னித் தருகிறீர்களா?

நம்மில் பலருக்கு நிட்டிங் சொல்லிக்கொடுத்த குன்னூர் அக்காவுக்கு மார்கழியில் பேரக்குழந்தை பிறக்கப் போகிறது. அந்தக் குளிருக்கு நாம் எல்லோரும் சேர்ந்து, அக்காவுக்குத் தெரியாமல், ஒரு போர்வை பின்னிக் கொடுக்க ஆசை. பிறக்கும் முன் எதுவும் வாங்கிவைப்பது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை; பேர் வைக்கும் அன்று கொடுக்கலாம்.

15 செ.மீ. சதுரங்கள் 30 வேண்டும். ஐந்துக்கு ஆறாக இணைத்தால் 75க்கு 90 செ.மீ. வரும். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. அதனால் கண்ணி எண்ணாமல் மூலையிலிருந்து தொடங்குங்கள். 2 கண்ணி போட்டு, கார்டர் ஸ்டிச்சில் (எல்லா வரிசையும் நிட் கண்ணியாகவே பின்னுவது) வரிசைக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போங்கள். பக்கம் 15 செ.மீ. ஆனதும் அதே மாதிரி குறையுங்கள். யார் பின்னினாலும் ஒரே அளவு வந்துவிடும். ஓட்டை டிசைன் மட்டும் வேண்டாம், பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். மொஹேர் மாதிரி இழை உதிரும் நூலும் வேண்டாம்.

அப்புறம், முக்கியமான உதவி: சதுரங்களை ஊசியால் தைப்பதா, குரோஷா கொக்கியால் இணைப்பதா? பின்பக்கம் மேடு தட்டாமல் இணைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள். இந்த வேலையையே யாராவது எடுத்துக்கொண்டால் இன்னும் சந்தோஷம். சதுரம் தருபவர்கள் நிறத்தையும் சொல்லிவிடுங்கள். கார்த்திகை தீபத்துக்குள் என் கைக்கு வந்தால் போதும்.