மறு: டோனர் கார் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு பழைய வண்டியைப் புதுப்பிக்கப் பாகங்கள் எடுப்பதற்காகவே வாங்கும் இன்னொரு வண்டிதான் ஆங்கிலத்தில் 'டோனர் கார்'. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'கொடை வண்டி' போதுமே. இரத்தக் கொடை, உறுப்புக் கொடை எல்லாம் புழக்கத்தில் இருப்பவைதானே?

புழக்கத்தில் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் கொடைக்கு ஒரு மனம் வேண்டும். இங்கே நடப்பதோ வேறு. துருப்பிடித்து ஓரங்கட்டப்பட்ட ஒரு வண்டியை வாங்கி, எஞ்சினிலிருந்து கதவுக் கைப்பிடி வரை கழற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறோம். அதற்கு வள்ளல் பட்டம் எதற்கு?

> அப்படியானால் 'தாய் வண்டி'?

இதில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய மோரிஸ் மைனர் ஒன்றைப் புதுப்பிக்கிறோம், அதற்கு மோரிஸ் மரீனாவிலிருந்து பிரேக் எடுக்கிறோம் என்று வையுங்கள். இவற்றில் எது தாய்? பாகம் தந்த மரீனாவா, சேஸிஸ் எண்ணும் பதிவும் மாறாமல் நிற்கிற மைனரா? நான் மைனர் என்பேன், நீங்கள் மரீனா என்பீர்கள். ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற சொல் கலைச்சொல்லுக்கு ஆகாது.

என் பரிந்துரை 'உதிரிவண்டி'. உதிரி பாகம் என்பதை அறியாதவர் இல்லை. ஒரு வண்டி முழுவதுமே உதிரி பாகமாகப் பயன்பட்டால் அது உதிரிவண்டி, அவ்வளவுதான். 'கூடுதலாக நிறுத்தி வைத்திருக்கும் வண்டி என்றும் பொருள்படாதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு 'மாற்று வண்டி' என்ற பெயர் இருக்கிறதே, மோதல் வராது.

சரி, வண்டிக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் பட்டறையில் அதைவிட அதிகம் தேவைப்படுகிற சொல் வேறு: இன்னொரு மாடலிலிருந்து வந்து சேர்ந்த பாகத்துக்கு என்ன பெயர்? 'மாற்றுப் பாகம்' என்றால் பழையது தேய்ந்ததும் அதே மாடலுக்குப் போடும் புதியது என்றுதான் பொருள்படும். வேற்றுநாடு, வேற்றாள் என்கிற வரிசையில் 'வேற்றுப்பாகம்' என்று சொல்லிப் பார்த்தேன். நாக்குக்கு இடறவில்லை.

வேற்றுப்பாகத்திலும் இரண்டு வகை உண்டு. டிரையம்ப் ஹெரால்ட் 1959இல் வந்தது. அதன் சேஸிஸையே நீளம் குறைத்துத்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். அதனால் ஸ்பிட்ஃபயரின் முன்சக்கர டிஸ்க் பிரேக் ஹெரால்டில் பெரிய வம்பில்லாமல் உட்கார்ந்துவிடும். மைனர்–மரீனா உறவு இதைவிடத் தூரத்து உறவு. மைனர் 1948இல் வந்த வண்டி, மரீனா 1971இல். முன்சக்கரத் தொங்கலமைப்பு (சஸ்பென்ஷன்) மைனரிலிருந்து மரீனாவுக்குப் போனதுதான், ஆனாலும் அதன் டிஸ்க் பிரேக் மைனரில் ஏற வேலை வாங்கும். முன்னதை 'நேர்ப்பொருத்தம்' என்றும் பின்னதை 'திருத்துப்பொருத்தம்' என்றும் சொல்லலாம்.

> போல்ட் ஓட்டை சரியாக இருந்தால் பொருந்தியது என்றுதானே அர்த்தம்? இதற்கு மேல் ஏன் பிரிக்க வேண்டும்?

ஓட்டை சரியாக அமைந்தும் வண்டி ஓடாமல் போகும், ஐயா. மைனரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அதன் மாஸ்டர் சிலிண்டர், அதாவது பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் உருளை, ஓட்டுநரின் கால்பலகைக்கு அடியில் இருக்கிறது. அதிலுள்ள ஒரு வால்வு, பிரேக் மிதியை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும். டிரம்முக்கு அது வேண்டும். அங்கே டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவை ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்வதால் உரசல் இல்லை. டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் அப்படி இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. சிலிண்டரை மாற்றாமல், அந்த வால்வையும் எடுக்காமல் ஓட்டினால், மிதியை விட்டாலும் பேட் டிஸ்க்கை விடாது. சக்கரம் சூடாகும், பேட் தேயும். நட்டெல்லாம் சுத்தமாக உட்கார்ந்த பிரேக், வேலையில் உட்காரவில்லை.

எனவே மூன்றாவதாக ஒரு சொல்லும் வேண்டும். அதற்கு 'இசைவு' போதும் என்று நினைக்கிறேன். பொருத்தம் என்பது ஓட்டையும் அளவும் பற்றியது. இசைவு என்பது சுற்றியுள்ள மற்ற பாகங்களோடு சேர்ந்து வேலை செய்வது பற்றியது. கணினிக்காரர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். அது அவர்கள் பாடு, நமக்கு அந்தச் சொகுசு இல்லை, நம் தவறு பிரேக்கில் வந்து நிற்கும்.

பதிவேட்டில் எழுதினால் இப்படி வரும்: 'முன் பிரேக் – வேற்றுப்பாகம், உதிரிவண்டி மரீனா, திருத்துப்பொருத்தம், மாஸ்டர் சிலிண்டர் மாற்றிய பின் இசைவு.' இதைப் படிக்கும் அடுத்த மெக்கானிக் எந்த மாடலுக்கான பேட் வாங்குவது என்று தடுமாற மாட்டார்.

அப்புறம் ஒரு சந்திச் சண்டையை முன்கூட்டியே முடித்துவிடுகிறேன். 'உதிரிவண்டி' சேர்த்தே எழுதப்பட வேண்டும். பிரித்தால் உதிர்ந்து கிடக்கிற வண்டி என்று படிப்பார்கள். 'திருத்துப்பொருத்தம்' என்பதில் ப் வேண்டாம், 'திருத்துபொருத்தம்' வினைத்தொகை என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். அதற்கு என்னிடம் மறுப்பில்லை, நீங்களே முடிவு செய்யுங்கள்.