ஆக்ஸ்ஃபோர்டு - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி: அப்பாவை எங்கே உட்கார வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் இருக்கிறவங்ககிட்ட ஒரு உதவி வேணும்.

மதுரையிலிருந்து அப்பா வர்றார், வயசு 74. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் வருஷம் முழுக்க ரக்பி, ஹாக்கி, செஸ்னு மோதிக்கிறதை ரொம்ப நாளா பேப்பர்ல படிக்கிறவர். 2015-ல பெண்கள் முதல்முறையா ஆண்களோட ஒரே நாளில், அதே தேம்ஸ் பாதையில படகு ஓட்டின படத்தை வெட்டி டைரிக்குள்ள வெச்சிருக்கார். ஓரமெல்லாம் மஞ்சளாயிடுச்சு. அந்தப் படகுப் போட்டியை ஒருதடவை நேர்ல காட்டணும்.

போட்டிப் பாதை தேம்ஸ் ஆத்துல பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர். கரையில் நின்னா படகு நம்மளைத் தாண்டுறது சில விநாடிதான். அதனால இடம் முக்கியம். ஹாமர்ஸ்மித் பாலத்துப் பக்கமா, சிஸ்விக் பக்கமா? அவருக்கு முட்டிவலி, ரெண்டு மணி நேரம் நிக்க முடியாது, படியும் ஏற முடியாது. மடக்கு நாற்காலி கொண்டு போகலாமா? பக்கத்துல கழிப்பறை இருக்கா? கடல் ஏற்றத்தால ஆத்துல தண்ணி ஏறுறதைப் பார்த்துத்தான் போட்டி நேரம் வைக்கிறாங்க, அப்போ கரையோரப் பாதையில தண்ணி ஏறிடுமா?

பெரியவங்களைக் கூட்டிட்டுப் போன அனுபவம் இருக்கிறவங்க, எந்த ஸ்டேஷன்ல இறங்கினீங்க, எத்தனை மணிக்குப் போய் இடம் பிடிச்சீங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதுங்க, ப்ளீஸ்.