புதுப்பிப்பு: கழுகு தொடர்பான பலவகை நூல்கள்

கழுகை மட்டுமே இணைப்பாகக் கொண்ட வெவ்வேறு வகை நூல்களை எங்கள் வாசிப்பு வட்டத்துக்காகக் கேட்டிருந்தேன். பரிந்துரைத்த அனைவருக்கும் நன்றி. மிகவும் எடுபட்டது, ரோஸ்மேரி சட்கிளிஃப் 1954இல் வெளியிட்ட 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்'. தந்தையோடு காணாமற்போன ரோமானியப் படையணியின் கழுகுச் சின்னத்தைத் தேடி, மகன் கண் மருத்துவராக வேடமிட்டு பிரிட்டனில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் சுவருக்கு வடக்கே செல்லும் பகுதிகளைச் சிறியவர்களும் பெரியவர்களும் ஒரே ஆவலுடன் படித்தனர். அலிஸ்டர் மக்லீனின் 'வேர் ஈகிள்ஸ் டேர்' விறுவிறுப்பாகவே சென்றது.

எதிர்பாராத ஒன்று: இவ்விரு புனைவுகளிலும் கழுகு சின்னமாகவோ பெயராகவோ நின்றுவிட, உயிருள்ள பறவையைக் கண்முன் நிறுத்தியது ஜாக் டேவிஸின் 'தி பால்ட் ஈகிள்' (2022) என்னும், அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு பற்றிய வரலாற்று நூல்தான். டி.டி.டி. பூச்சிக்கொல்லியால் முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் பறவையின் எடையிலேயே நொறுங்கிய அவலத்தையும், 1972இல் அமெரிக்கா அதைத் தடைசெய்தபின் அவ்வினம் மீண்டெழுந்ததையும் அறிய, இதையே முதலில் படிக்கலாம்.