புதுப்பிப்பு: முதன்முறையாகத் தங்கம், வெள்ளி வாங்குதல் (கிளிநொச்சி)

நெல் விற்ற பணத்தில் சேமிப்பாகத் தங்கமும் கொஞ்சம் வெள்ளியும் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது வவுனியா அண்ணா சொன்ன வழி: "இதையே பிறகு கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள்." அப்படியே கேட்டேன். விற்கும் விலை கடைகளில் ஏறத்தாழ ஒன்றுதான். திருப்பி எடுக்கும் விலையில்தான் பெரிய வித்தியாசம். சங்கிலி என்றால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது என்று நேராகவே சொன்னார்கள். ஆகவே நகையை விட்டு, 22 கரட்டில் ஒரு பவுண் நாணயம் எடுத்தேன்.

பவுண் என்பது 8 கிராம். 22 கரட் என்றால் அதில் தூய தங்கம் 7.33 கிராம், மீதி செம்பு போன்ற உலோகங்கள். உலகச் சந்தை விலை சொல்லப்படும் அவுன்ஸ் 31.1 கிராம். இவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு போனதால் விலையை அங்கேயே சரிபார்க்க முடிந்தது. எடை, கரட், கூலி மூன்றையும் பற்றுச்சீட்டில் தனித்தனியே எழுதி வாங்கச் சொன்ன அக்காவுக்கும் நன்றி. கேட்ட பிறகுதான் எழுதித் தந்தார்கள்.

எதிர்பாராதது வெள்ளிதான். நான் போன கடைகளில் வெள்ளிக்கட்டி இல்லை. கொலுசும் பூசைப் பொருட்களும்தான். திருப்பிக் கொடுத்தால் கிடைப்பது மிகக் குறைவு என்பதால் சேமிப்புக்கு வெள்ளி வாங்கவில்லை. வன்னிக்குள் கட்டியாக விற்கும் கடை தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.