‘கு’ வந்தால் இன்டைரக்ட் ஆப்ஜெக்ட்: என் கணக்கு எங்கே உதைக்கிறது?

சிப்புட்டுக்காரி:
சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் ஆண்டு 5. ராத்திரி சமைத்த கையோடு அவளுடைய ஆங்கிலப் பயிற்சியை நான்தான் பார்க்கிறேன். என் ஆங்கிலமும் அரைகுறைதான். அம்மா பால்மரம் சீவப் போன காலத்தில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். வேற்றுமை உருபு மட்டும் மறக்கவில்லை. அதை வைத்து ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன்: தமிழில் சொல்லிப் பார், ‘ஐ’ வந்தால் டைரக்ட் ஆப்ஜெக்ட் (வினை நேராகப் பிடிக்கும் செயப்படுபொருள்), ‘கு’ வந்தால் இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் (அது போய்ச் சேரும் ஆள்).

‘பாட்டி கேவ் மீ எ மேங்கோ.’ பாட்டி எனக்கு மாம்பழத்தைக் கொடுத்தார். கச்சிதமாக வந்தது. அப்புறம் ‘ஐ ஹெல்ப்ட் மை பிரதர்.’ தம்பிக்கு உதவினேன். ‘கு’ இருக்கிறதே என்று இன்டைரக்ட் எழுதவைத்தேன். மறுநாள் சிவப்பு மையில் கோடு. ‘தி டீச்சர் ஆஸ்க்ட் மீ எ குவெஸ்சன்.’ டீச்சர் என்னைக் கேள்வி கேட்டார், ஆகவே ‘மீ’ டைரக்ட் என்றேன். அதுவும் தப்பாம். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோளாறு எங்கே?

பழைய வாத்தியார், தைப்பிங்:
உங்கள் வழி பாதி தூரம் போகும், அம்மா. நன்னூல் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் முதலாவதே கொடைதான். அதனால் ‘கேவ்’ வந்த இடத்தில் பிசகவில்லை. ஆனால் எந்த உருபு என்பதை அந்தந்த மொழியின் வினைச்சொல் முடிவு செய்கிறது. நாம் தம்பிக்கு உதவுகிறோம். ஆங்கில ‘ஹெல்ப்’ தம்பியை நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஆப்ஜெக்ட் ஒன்றுதான், அதனால் டைரக்ட்.

உருபை விடுங்கள், கைமாறியது என்ன என்று கேளுங்கள். கேள்வி கைமாறியது, அது டைரக்ட். யாரிடம் போனது? ‘மீ’. அது இன்டைரக்ட். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு ஒட்ட ‘ஐ’, ‘கு’ மாதிரி உருபு இல்லாததால் இடம்தான் வேலை செய்கிறது: ஆள் முன்னே, பொருள் பின்னே. பொருளை முன்னே வைத்தால் ஆளுக்கு முன் ‘டு’ வேண்டும்: ‘கேவ் எ மேங்கோ டு மீ’. வாங்கித் தந்தால் ‘ஃபார்’. இப்படி ‘டு’ போட்டு வருவதையும் சில புத்தகங்கள் இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் என்கும், சில ஒத்துக்கொள்ளாது. மகளின் பாடநூல் சொல்கிறபடி எழுதட்டும்.

லோரிக்காரன்:
அக்கா, நான் செம்பனைக் குலை ஏற்றுகிறவன். மேனேஜருக்கு ‘ஐ வில் எக்ஸ்பிளைன் யூ’ என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். ‘என்னையே விளக்கப் போகிறாயா?’ என்று கேட்டுச் சிரித்தார். ‘எக்ஸ்பிளைன்’, ‘சே’ இரண்டும் ஆளைப் பக்கத்தில் ஒட்டவிடாது, நடுவில் ‘டு’ வேலி வேண்டும். ‘டெல்’ ஒட்டவிடும்.

சிப்புட்டுக்காரி:
நன்றி சார், நன்றி தம்பி. இன்றைக்கு மகளே என்னை மடக்கப் பார்த்தாள்: “‘ஐ லைக் மேங்கோஸ்.’ எனக்கு மாம்பழம் பிடிக்கும். இதில் ‘ஐ’ இன்டைரக்டா?” இல்லை, அதுதான் சப்ஜெக்ட், இங்கே எதுவும் கைமாறவில்லையே என்றேன். “அப்போ ஒண்ணு வெட்டிக் குடுங்க, மாறட்டும்” என்கிறாள்.