தெருவிலிருந்து மீட்டு வந்த எங்கள் நாய் சிட்டுவின் காலை நடை: எங்கள் வீட்டுக் குழுவில் பேசியது

தம்பி: இன்று காலை சிட்டுவை வெளியே கூட்டிப்போனேன். கேட்டைத் தாண்டியதும் இழுக்க ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை. எதிரே ஒரு நாய் வந்ததும் பின்னங்காலில் எழுந்து நின்று ஒரே குரைப்பு. வீட்டுக்குள் இத்தனை சாதுவாக இருப்பவளா இவள் என்று ஆகிவிட்டது.

அம்மா: உனக்கு அடி எதுவும் படவில்லையே?

தம்பி: எனக்கு ஒன்றுமில்லை அம்மா. அவளுக்குத்தான் கழுத்துப் பட்டை இறுகி இருமல் வந்தது.

அப்பா: இழுத்தால் இறுகுகிற சங்கிலி கிடைக்கும். அதைப் போடு, தானாக அடங்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் போட்டார்கள்.

நான்: அப்பா, தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். எதிரே நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், நாய் வந்தால் வலி வரும் என்றுதான் அவள் மனதில் பதியும். வெளியே அடங்கினது போலத் தெரியும், உள்ளே பயம் கூடியிருக்கும். உடம்புக்கும் கெடுதல். கழுத்துப் பட்டையில் இழுபடும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, நெஞ்சையும் உடம்பையும் சுற்றிப் போடுகிற ஹார்னஸில் அப்படி ஏறுவதில்லை என்று 2006இல் வந்த ஒரு கால்நடை மருத்துவ ஆய்வில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

அப்பா: ஹார்னஸ் போட்டால் இன்னும் பலமாக இழுக்காதா?

நான்: முதுகில் மட்டும் வளையம் இருந்தால் இழுக்கும். நெஞ்சுப் பக்கமும் வளையம் இருக்கிற ஹார்னஸாகப் பாருங்கள். அதில் லீஷை, அதாவது நாம் கையில் பிடிக்கிற வாரை, மாட்டினால், இழுக்கும்போது உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். தோளைக் குறுக்கே அழுத்தாமல் கால் நன்றாக வீச இடம் விட வேண்டும். தம்பி, இன்னொன்று. பயந்த நாய் பின்பக்கமாக நெளிந்து ஹார்னஸை உருவிக்கொண்டு ஓடிவிடும். மீட்கப்பட்ட நாய்கள் காணாமல் போவது பல நேரம் இப்படித்தான். அதனால் கழுத்துப் பட்டையையும் ஹார்னஸையும் சேர்த்து ஒரு சின்ன இணைப்பு போடு. பட்டையில் உன் போன் நம்பர் இருக்கட்டும்.

சித்தி: எங்கள் வீட்டில் இருந்தவன் ஹார்னஸைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அதற்கு என்ன செய்வது?

நான்: நாம் மாட்டப் போகக் கூடாது சித்தி. ஹார்னஸில் தலை நுழைகிற வளையத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு துண்டு ட்ரீட்டை, அதாவது பிடித்த தின்பண்டத்தை, நீட்ட வேண்டும். அவளே தலையை விட்டு எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துக்கொண்டு பின்வாங்கினாலும் சரி. கிளிப் சத்தத்துக்கும் தனியாகப் பழக்க வேண்டும். அப்புறம் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சாப்பிடட்டும், விளையாடட்டும்.

தம்பி: அக்கா, ஆனால் ஏன் இந்தக் கோபம்? வீட்டில் ஒரு தடவைகூட உறுமியதில்லை.

நான்: அது கோபம் இல்லைடா, பயம். தெருவில் இருந்தவரை பிடிக்காத நாய் வந்தால் ஓடிவிடலாம். லீஷ் மாட்டியதும் ஓடுகிற வழி அடைபட்டுப் போச்சு. மிச்சம் இருக்கிற ஒரே வழி சத்தம் போட்டு அதை விரட்டுவது. அந்த நாயும் தன் வழியில் போய்விடுகிறது. எப்படியும் போகப்போகிற நாய்தான். ஆனால் தான் குரைத்ததால்தான் போனது என்று இவள் கற்றுக்கொள்கிறாள். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஆரம்பிப்பாள்.

அதனால் இப்போதைக்கு லீஷ் இழுக்காமல் நடப்பதைவிட தூரம்தான் முக்கியம். எவ்வளவு தள்ளி ஒரு நாய் நின்றால், அதைப் பார்த்துவிட்டும் உன் கையிலிருந்து இவள் சாப்பிடுகிறாள்? அந்த இடத்திலிருந்து ஆரம்பி. ட்ரீட்டை மறுத்தாலோ, பறித்துக் கடித்தாலோ மிக அருகில் வந்துவிட்டாய் என்று அர்த்தம். அதற்கு முன்பே உதட்டை நக்குவாள், தூக்கம் வராமலே கொட்டாவி விடுவாள், வாயை மூடி உடம்பை விறைத்துக்கொள்வாள். அதைப் பார்த்ததுமே திரும்பிவிடு. குரைக்கும் வரை காத்திருக்காதே.

தம்பி: நாய் வரும்முன்பே ட்ரீட் கொடுத்துக் கவனத்தைத் திருப்பிவிடலாமா?

நான்: வேண்டாம், வரிசை மாறக் கூடாது. முதலில் அவள் நாயைப் பார்க்க வேண்டும், அடுத்த நொடி ட்ரீட். நாய் மறைந்ததும் ட்ரீட்டும் நிற்க வேண்டும். தலைகீழாகச் செய்தால், நீ பையைத் திறந்தாலே ஏதோ ஆபத்து வருகிறது என்று எடுத்துக்கொள்வாள். சரியாகப் போனால் ஒரு நாள் தூரத்தில் நாயைப் பார்த்துவிட்டு அவளே உன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திரும்பல் வந்த பிறகுதான் தூரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

அம்மா: குரைக்கிறபோது தின்னக் கொடுத்தால் குரைப்பதற்குப் பரிசு மாதிரி ஆகிவிடாதா?

நான்: பயத்தில் இருப்பவளுக்குக் கொடுப்பதால் பயம் வளராது அம்மா. ஆனால் அந்த உச்சத்தில் பெரும்பாலும் தின்னவே மாட்டாள். திட்டாமல், இழுத்து உதறாமல், அவளோடு விலகிப் போவதுதான் அப்போது செய்ய முடிந்தது.

தம்பி: தெரு குறுகலாக இருந்தால் எப்படி விலகுவது?

நான்: நிற்கிற வண்டிக்குப் பின்னால் போ, எதிர்ப் பக்கம் கட, இல்லையென்றால் வந்த வழியே திரும்பு. அந்தத் திரும்பலை வீட்டுக்குள் விளையாட்டாகப் பழக்கி வை. "வா" என்று சொல்லிவிட்டு நீ திரும்பினதும் அவள் கூட வந்தால் ட்ரீட். நேருக்கு நேர் மட்டும் நடக்காதே. நாய்கள் தாங்களாக விட்டால் ஒன்றையொன்று வளைந்துதான் நெருங்கும். கட்டாயம் அருகே போக வேண்டியிருந்தால் ட்ரீட்டைத் தரையில் தூவிவிடு. மூக்கு கீழே போகும், தலை தாழும்.

சித்தி: அது மோந்துகொண்டே நின்றால்? எங்கள் பையன் பொறுமை இழந்துவிடுவான்.

நான்: நிற்கட்டும் சித்தி, அதற்காகத்தான் வெளியே போவதே. 2019இல் பிரான்ஸ், அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் மோப்ப விளையாட்டு பழகிய நாய்களையும் காலோடு ஒட்டி நடக்கப் பழகிய நாய்களையும் ஒப்பிட்டார்கள். மோப்பம் பழகியவை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி முன்பைவிட ஆர்வமாகப் போயின. நல்லதை எதிர்பார்க்கிற மனநிலைக்கு அது அடையாளம். ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்து, ஹார்னஸில் ஐந்து மீட்டர் நீளக் கயிறு மாட்டி மோக்க விடுங்கள். பட்டனை அழுத்தினால் நீளும் லீஷ் வேண்டாம், அதில் எப்போதும் ஒரு இழுவிசை இருந்துகொண்டே இருக்கும்.

அப்பா: இழுக்கும்போது என்ன செய்வது, அதைச் சொல்லவில்லையே?

நான்: அமைதியான இடத்தில் மட்டும் பழக்க வேண்டும் அப்பா. லீஷ் விறைத்தால் நின்றுவிடுங்கள். தளர்ந்ததும் நடங்கள். பக்கத்தில் வரும்போது தொடைக்கு அருகே ட்ரீட். பயந்து கிடக்கிற நேரத்தில் இதைப் பழக்கினால் ஒன்றும் ஏறாது.

தம்பி: அப்படியென்றால் நாளைக் காலையே ஆரம்பிக்கட்டுமா?

நான்: நாளை வெளியே வேண்டாம். இன்று பட்ட அதிர்ச்சி அடங்க நேரம் வேண்டும். அதற்குள் இன்னொன்று சேர்ந்தால் சின்ன விஷயத்துக்கும் வெடிப்பாள். வீட்டில் ட்ரீட்டைத் துணித் துண்டில் சுருட்டி வைத்துத் தேட விடு, ஹார்னஸ் பழக்கு. டாக்டரிடமும் ஒரு தடவை காட்டிவிடு. காது, இடுப்பு, பாதம் எல்லாம் பார்க்கச் சொல். வலி இருக்கிற நாய்க்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் வீண்.

அப்பா: வெளியே போகிற அன்று நானும் வருகிறேன். முன்னால் போய்த் திருப்பத்தில் நின்று நாய் வருகிறதா என்று பார்க்கிறேன்.

நான்: அது பெரிய உதவி அப்பா. ஆனால் வந்தால் குரல் கொடுக்க வேண்டாம், சத்தத்துக்கே திடுக்கிடுவாள். கையைத் தூக்குங்கள், தம்பி திரும்பிவிடுவான்.

அப்பா: சரி. வலது கையைத் தூக்கினால் நாய், இறக்கினால் வழி காலி.