டெபியன் நிறுவி எழுதிய மூலப்பட்டியலில் எவற்றை நீக்கலாம்?

கேள்வி (சுங்கை சிப்புட், பேரா):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை வகுப்புக்காக, நன்கொடையாக வந்த ஆறு பழைய மடிக்கணினிகளில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை டிவிடி வழியாக நிறுவியுள்ளேன். இணையத்துக்கு என் கைப்பேசி டேட்டாவைத்தான் நம்பியிருக்கிறோம். மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறை 'ஆப்ட் அப்டேட்' கட்டளை கொடுக்கும்போதும் டிவிடி பற்றிய பிழை வருகிறது. மென்பொருள்களை எங்கிருந்து இறக்குவது என்று குறிக்கும் சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில், டெபியன் 12இன் குறிப்பெயரான 'புக்வோர்ம்' பல வரிகளில் திரும்பத் திரும்ப இருக்கிறது. போதாததற்கு, ஒரு வழிகாட்டியைப் பார்த்து நானும் சில வரிகளைச் சேர்த்துவிட்டேன். ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கலாமா?

மறுமொழி 1 (ஈப்போ):
அப்படிச் செய்துவிடாதீர்கள், தம்பி. 'புக்வோர்ம்' அடிப்படைத் தொகுப்பு. 'புக்வோர்ம்-செக்யூரிட்டி' பாதுகாப்புத் திருத்தங்களுக்கானது. 'புக்வோர்ம்-அப்டேட்ஸ்' அடுத்த திருத்த வெளியீடு வரை காத்திருக்க முடியாத மாற்றங்களைத் தருவது. மூன்றும் வெவ்வேறு, மூன்றும் தேவை. 'சிடிரோம்' வரியின் தொடக்கத்தில் # இட்டால் ஆப்ட் அந்த வரியைப் படிக்காது, டிவிடி பிழை நின்றுவிடும். 'டெப்-எஸ்ஆர்சி' என்று தொடங்குபவை மூலநிரலுக்கானவை. மாணவர்களுக்கு அது தேவையில்லை, ஆனால் அவற்றின் அட்டவணையும் (எந்தெந்தத் தொகுப்புகள் உள்ளன என்ற பட்டியல்) உங்கள் டேட்டாவில்தான் இறங்குகிறது.

மறுமொழி 2 (கூலிம்):
ஐயா சொன்னது சரி. ஆனால் டேட்டாவை உண்மையில் விழுங்குவது வேறொன்றாக இருக்கலாம் என்பதால் இதையும் கவனியுங்கள். ஒரே முகவரி இரண்டு இடங்களில் இருந்தால், 'பலமுறை அமைக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஆப்ட் எச்சரித்து, கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டிவிடும். ஆனால் நிறுவும்போது நீங்கள் தேர்ந்தெடுத்த மிரர் (டெபியன் தொகுப்புகளின் நகலை வைத்திருக்கும் தளம்) ஒரு வரியிலும், வழிகாட்டியிலிருந்து வந்த 'டெப்.டெபியன்.ஆர்க்' இன்னொரு வரியிலும் இருந்தால், உள்ளடக்கம் ஒன்றே என்றாலும் முகவரி வேறு என்பதால் ஆப்ட் அவற்றைத் தனித்தனி மூலங்களாகவே கருதி, எச்சரிக்கை எதுவும் தராமல் இரண்டு அட்டவணைகளையும் இறக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கும்போது 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற பிரிவு (வன்பொருள் இயங்கத் தேவையான, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் மென்பொருளுக்கானது), வைத்திருக்கும் வரிகளில் இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் 12இல்தான் அது தனிப் பிரிவானது. பழைய வழிகாட்டிகளில் இருக்காது. அது விடுபட்டால் மடிக்கணினிகளின் வைஃபைக்கான ஃபர்ம்வேர் திருத்தங்கள் வராமல் போகலாம்.

மறுமொழி 3 (ஈப்போ):
திருத்துவதற்கு முன் நகல் எடுக்கும்போது அதன் பெயர் '.பேக்' என்று முடியட்டும். கூடுதல் மூலங்களுக்கான சோர்சஸ்.லிஸ்ட்.டி கோப்புறைக்குள் '.லிஸ்ட்' என்று முடியும் எதையும் ஆப்ட் படித்துவிடும்.

கேட்டவர்:
ஐயா, அந்தக் கோப்புறையில் நானே வைத்த 'பழையது.லிஸ்ட்' என்ற நகல்தான் கிடந்தது. அதற்குள்ளும் அதே வரிகள். அதையும், சேர்த்த வரிகளையும், 'டெப்-எஸ்ஆர்சி' வரிகளையும் நீக்கி, 'சிடிரோம்' வரிக்கு # இட்டேன். இப்போது மூன்றே வரிகள், பிழையும் இல்லை. மற்ற ஐந்து கணினிகளுக்கும் இந்தக் கோப்பையே யுஎஸ்பியில் எடுத்துச் செல்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.